மெழுகு சுரண்டும் நாள்

பதினேழாம் தேதி நான் போவதில்லை.
அன்று அமைச்சர்கள் வருவார்கள், கேமராக்கள் வரும்,
அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வருவார்கள்.
அன்றைக்கு அங்கே இல்லை என்று சொன்ன ஒருவரையும்
இந்த ஊரில் நான் சந்தித்ததில்லை.
தலை எண்ணினால் ப்ராக் முழுவதும்
அந்த ஒற்றைத் தெருவில் நின்றிருக்க வேண்டும்,
டிராம் ஓட்டியவரும்
தடியால் அடித்தவரும்
சேர்த்துத்தான்.

நான் பதினெட்டாம் தேதி போகிறேன்.
ஒன்பதாம் எண் டிராம். நாரோட்னி தெரு.
வளைவுக் கூரையின் கீழே, சுவரில்,
வெண்கலக் கைகள்.
உடம்பு சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு
கை மட்டும் வெளியே வந்துவிட்டது போல.
சில விரிந்திருக்கின்றன. சில இரண்டு விரல் காட்டுகின்றன.
கீழே ஒரு தேதி.
பெயர் ஒன்றும் இல்லை.

ஆரஞ்சு மேலங்கியில் ஒரு பெண்
முழங்காலிட்டு மெழுகு சுரண்டுகிறாள்.
யாரினா என்கிறது அவள் அட்டை.
நேற்றைய தீபங்களின் கண்ணாடிகள்
பக்கத்து வாளியில் கிணுகிணுக்கின்றன.
"யாருடைய கல்லறை?"
போல்டாவாவின் வாடை வீசும் செக் மொழியில் கேட்கிறாள்.
கல்லறை இல்லை என்கிறேன்.
"எத்தனை பேர் செத்தார்கள்?"
யாரும் சாகவில்லை.

சுரண்டி நிற்கிறது.
"ஒருவர்கூடவா?"

ஒரு மாணவன் செத்துவிட்டான் என்று செய்தி வந்தது.
வெளிநாட்டு வானொலியும் சொன்னது.
பிறகு பார்த்தால் அவன் வீட்டில் இருந்தான், முழுசாக.

அவள் கத்தியின் நுனியைத் துடைக்கிறாள்.
"எங்கள் பக்கம் வேறு மாதிரி.
உயிரோடு இருக்கிறான் என்று செய்தி வரும்.
அதுதான் பொய்யாகும்."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாலை எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள்.
விடுதிக் கட்டிலில் பஞ்சைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.
நள்ளிரவில் த்ராஹோமீரா வந்தாள்,
ஒற்றைச் செருப்போடு.
மற்றது எங்கே என்று கேட்க எனக்கு வாயில்லை.
விரல் நீட்டினேன்.
அவள் தன் காலைப் பார்த்தாள், அப்போதுதான் தெரிந்ததுபோல,
அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு
சாக்ஸைக் கழற்றி ரேடியேட்டர்மேல் போட்டாள்.

சாகாத அந்தப் பையனுக்காகத்தான்
மூன்றாம் நாள் நானும் தெருவுக்கு வந்தேன்.
வீங்கிய கன்னத்தோடு மெழுகுவத்தி ஏற்றினேன்.
முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக அவ்வளவு அழுதது
அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.
அவன் உயிரோடு இருக்கிறான் என்றார்கள்.
சொல்ல வெட்கம்.
ஒரு கணம், ஒரே ஒரு கணம்,
அவன்மேல் கோபம் வந்தது.

அப்புறம் சாவி குலுக்கினோம், லட்சம் பேர்.
அந்தச் சத்தத்தில் யார் எப்போது வந்தவர் என்று
யார் கேட்கப் போகிறார்கள்.

ராதோவான் நான்காம் வகுப்பில் கட்டுரை எழுதினான்:
என் அம்மா முன்வரிசையில் நின்றாள்.
ஆசிரியை நட்சத்திரம் போட்டிருந்தாள்.
திருத்த வேண்டும் என்று நினைத்தேன்,
உருளைக்கிழங்கு அடுப்பில் இருந்தது.
இப்போது பெர்னோவில் தன் பிள்ளைகளிடமும் சொல்கிறான்.
நான் சொன்னதைவிட நன்றாகவே சொல்கிறான்,
என் கையில் ஒரு பூவையும் கொடுத்துவிட்டான்.

"நீங்கள் இருந்தீர்களா?" என்கிறாள் யாரினா.

இல்லை. பல்வலி.

முப்பது வருடத்துக்கு மேல் அடைத்திருந்தது
இரண்டே சொல்லில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு வேலையில்லை.
அவள் சிரிக்கவில்லை.
தன் கன்னத்தைத் தொட்டு, எந்தப் பக்கம், என்று கேட்டாள்.
இடது, என்றேன்.
தலையாட்டினாள்.

வெண்கல விரல்களின் இடுக்கில் அவள் சுரண்டி நுழையவில்லை.
என் சாவிக்கொத்தை எடுத்தேன்.
விடுதிச் சாவி அல்ல, அது எப்போதோ தொலைந்தது.
இது தபால்பெட்டிச் சாவி, மெலிந்தது.
நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் விட்டுத் திருகினேன்.
சிவப்பாக ஒரு துண்டு பெயர்ந்து வந்தது.
கை குளிர்ந்திருந்தது. ஒரு தொழிற்சாலைக் குழாயைத் தொட்டாலும்
இப்படித்தான் இருந்திருக்கும்.

பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை.
டிராம் வந்தது.

வீட்டில், மாடிப்படியின் கீழே,
தபால்பெட்டிக்குள் சாவி வழுக்கிக்கொண்டு போகிறது.
உள்ளே மின்கட்டண ரசீது.
இன்னொரு கதவுக்கான விளம்பரம்.